ஆள் எடுப்பது ஒரு நாள் வேலை இல்லை: காற்பந்துக் கேள்வி பதில்

சென்ற இதழில் நம் மலேசிய சூப்பர் லீக் குழுக்கள் ஆட்டக்காரர்களை எடுக்கும் விதத்தைப் பற்றிக் கொஞ்சம் காட்டமாகவே எழுதியிருந்தேன். அதற்குக் கடிதமும் வாட்ஸ்அப்புமாக நிறைய வந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் இங்கே இடம் இல்லை, ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். திட்டி எழுதியவர்களுக்கும் நன்றி. அக்கறை இல்லாதவர் உட்கார்ந்து ரெண்டு பக்கம் திட்டி எழுதமாட்டார்.

கேள்வி (பட்டர்வொர்த் வாசகர்): அண்ணே, 2014-லிருந்து ஜேடிடி (ஜொகூர் டாருல் தக்சிம்) லீக்கை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அமெரிக்கக் காற்பந்தில் 'டிராப்ட்' என்று ஒன்று இருக்கிறதாம், கடைசியாக வந்த குழுதான் முதல் ஆளைத் தேர்ந்தெடுக்குமாம். அதை இங்கே கொண்டுவந்தால் என்ன?

பதில்: தம்பி, உங்கள் ஆதங்கம் புரிகிறது. 2014-இல் தொடங்கி 2024-25 பருவம் வரை தொடர்ந்து 11 முறை ஒரே குழு வென்றால் மற்ற மாநிலத்துக்காரன் எதற்கு டிக்கெட் வாங்க வேண்டும்? ஆனால் டிராப்ட் இங்கே எடுபடாது, ஏன் என்று சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்காக முதலில் அந்த முறையைச் சொல்லிவிடுகிறேன். அவர்களுடைய காற்பந்து நம்முடையது இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவது. என்.எஃப்.எல். என்ற அந்த லீக்கில் 32 குழுக்கள். ஏப்ரல் கடைசியில் பல்கலைக்கழகங்களில் ஆடிவிட்டு வரும் இளைஞர்களை ஏழு சுற்றுகளாக எடுப்பார்கள், போன பருவத்தில் மோசமாக ஆடிய குழுவுக்கு ஒவ்வொரு சுற்றிலும் முதல் வாய்ப்பு, வென்ற குழுவுக்குக் கடைசி வாய்ப்பு. 1935-இல் பிலடெல்பியா ஈகிள்ஸ் குழுவின் உரிமையாளர் பெர்ட் பெல் சொன்ன யோசனை இது. நல்ல ஆட்களையெல்லாம் பெரிய குழுக்களே அள்ளிக்கொண்டு போக, அவருடைய குழு எழுந்திருக்கவே முடியாமல் கிடந்தது. 1936-இல் முதல் டிராப்ட் நடந்தது. அதில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் கடைசிவரை அந்த லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை, வேறு வேலைக்குப் போய்விட்டார்.

அங்கே இது நடக்கிறது என்றால் அதற்கு ஒரு அமைப்பு இருக்கிறது. பள்ளி முடித்து மூன்று ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும் என்பது விதி, அதுவரை ஆளை வளர்க்கும் செலவைப் பல்கலைக்கழகங்கள் ஏற்கின்றன. லீக்கிலிருந்து யாரும் கீழே இறங்குவதில்லை, ஆகக் கடைசியில் வந்தாலும் அடுத்த வருடமும் அதே லீக்தான். 1994 முதல் சம்பள உச்சவரம்பும் உண்டு, எவ்வளவு பணக்காரக் குழுவாக இருந்தாலும் அதற்கு மேல் போக முடியாது. இங்கே 17 வயதுப் பையனை ஒரு கிளப்போ மாநிலமோ தன் காசைப் போட்டு வளர்த்திருக்கும். அவனை இன்னொரு குழு பேர் சொல்லி எடுத்துக்கொள்ளலாம் என்றால் எந்தக் கிளப் நாளைக்கு வளர்க்கும்? அவனுக்கும் பிடிக்கவில்லை என்றால் தாய்லாந்துக்கோ இந்தோனேசியாவுக்கோ விமானம் ஏறிவிடுவான், யாரும் தடுக்க முடியாது.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. டிராப்ட் உள்ள இடத்திலேயே கெட்ட நிர்வாகம் கெட்ட நிர்வாகமாகத்தான் இருக்கிறது. கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் என்று ஒரு குழு. 2016-இல் 16 ஆட்டங்களில் ஒன்றில் மட்டும் வென்றது, 2017-இல் பதினாறிலும் தோற்றது. அதனால் 2017, 2018 இரண்டு டிராப்டிலும் முதல் ஆள் அவர்களுக்கே. அப்படி 2018-இல் எடுத்த பேக்கர் மேபீல்டை நாலே வருடத்தில் வேறு குழுவுக்குத் தள்ளிவிட்டார்கள். அவருக்குப் பதிலாக டெஷான் வாட்சனைக் கொண்டுவர மூன்று வருடத்து முதல் சுற்று வாய்ப்புகளை விட்டுக்கொடுத்து, 230 மில்லியன் டாலர் உத்தரவாதச் சம்பளமும் எழுதிக் கொடுத்தார்கள். வருங்கால வாய்ப்புகளை ஒரே ஆளுக்காகக் கொட்டிவிட்டார்கள். இன்னொரு பக்கம் 2000-ஆம் ஆண்டு டிராப்டில் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் குழு ஆறாவது சுற்றில் 199-ஆவது ஆளாக ஒருவரை எடுத்தது. அவர் டாம் பிரேடி, பின்னாளில் அந்த லீக்கின் இறுதியாட்டமான சூப்பர் பவுலை ஏழு முறை வென்றவர். அவருக்கு முன்னால் 198 பேரை எடுத்தார்கள், மற்ற குழுக்களெல்லாம் அவரைத் தாண்டிப் போயின, சில குழுக்கள் ஐந்தாறு முறை தாண்டிப் போயின. முதல் வாய்ப்பு கையில் இருப்பதால் மட்டும் ஆளைப் பார்க்கும் கண் வந்துவிடாது.

அவர்களிடமிருந்து எதையாவது எடுப்பதென்றால் நான் சம்பள உச்சவரம்பைத்தான் எடுப்பேன், அதுவும் உச்சவரம்பு என்பதைவிட 'கையில் உள்ள காசுக்குள் சம்பளம் பேசு' என்ற கட்டாயமாக. மூன்று மாதம் சம்பளம் பார்க்காத ஆட்டக்காரனிடம் போய் ஜேடிடியை வெல்லச் சொல்வது நியாயமே இல்லை.

கேள்வி (கெப்போங்கிலிருந்து ஒரு தாய்): என் மகனுக்கு 12 வயது. தமிழ்ப்பள்ளிக் குழுவில் நன்றாக ஆடுவான். ஒரு கிளப்பின் தேர்வுக்கு அழைத்துப் போனேன், இருபது நிமிடத்தில் 'போதும், கூப்பிடுவோம்' என்றார்கள், கூப்பிடவே இல்லை. இரவெல்லாம் அழுதான். அவனுக்கு நான் என்ன சொல்வது?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு என் அக்கா மகனின் ஞாபகம்தான் வந்தது. ஐந்தாறு வருடத்துக்கு முன்னால் அவனை இதேபோல் ஒரு தேர்வுக்குக் கூட்டிப் போனேன், எந்தக் கிளப் என்று வேண்டாம். காலை ஏழரை மணி, முதல் நாள் மழையில் திடல் சொதசொதவென்று கிடந்தது. இருநூறு பையன்கள் இருப்பார்கள். முதுகில் எண் எழுதிய காகிதத்தைச் செல்லோடேப் போட்டு ஒட்டினார்கள், ஈரத்தில் அது ஒட்டவில்லை, ஓட ஓட ஒவ்வொருவனுடைய எண்ணும் கழன்று புல்லில் விழுந்தது. இவன் தற்காப்பு ஆட்டக்காரன். முன்னால் நின்ற பையன்கள் எல்லாரும் ஆளுக்கு ஆள் பந்தை உருட்டிக்கொண்டு தன் திறமையைக் காட்டத்தான் பார்த்தார்கள், யாரும் யாருக்கும் தட்டவில்லை. பதினைந்து நிமிடத்தில் இவன் கால் பட்டது மூன்றே முறை. எழுதிக்கொண்டிருந்த இருவரில் ஒருவர் பாதி நேரம் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எண் கழன்று விழுந்த பையன்களை அவர் எப்படிக் குறித்துக்கொண்டிருப்பார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை.

உங்கள் மகன் எந்த மாதத்தில் பிறந்தவன்? நான் இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. வயதுப் பிரிவை ஜனவரி முதல் தேதியை வைத்துக் கணக்கிடுவார்கள். அப்படியென்றால் ஜனவரியில் பிறந்தவனும் அதே வருடம் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு. 12 வயதில் பதினோரு மாதம் என்பது உயரத்திலும் வேகத்திலும் பெரிய வித்தியாசம். உலகம் முழுக்க இளையோர் குழுக்களை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது இதுதான்: வருடத்தின் முதல் மூன்று மாதத்தில் பிறந்த பிள்ளைகள் அளவுக்கு மீறி எடுக்கப்படுகிறார்கள், கடைசி மூன்று மாதத்துப் பிள்ளைகள் கழிக்கப்படுகிறார்கள். திறமையைப் பார்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டு உயரத்தைப் பார்க்கிறார்கள். அவனிடம் இதைச் சொல்லுங்கள். ஆறுதலுக்காகச் சொல்வதாக நினைக்க வேண்டாம், இது உண்மை.

செந்தூல் பக்கம் எனக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். சனிக்கிழமை காலையில் சட்டைப் பையில் ஒரு சின்ன 555 புத்தகத்தோடு திடல் ஓரமாக வந்து நிற்பார், அந்தக் காலத்தில் கடைக்காரர் கடன் கணக்கு எழுதுவாரே, அதே புத்தகம்தான். ஒருமுறை வாங்கிப் பார்த்தேன். யார் எத்தனை கோல் போட்டான் என்று ஒரு வரியும் இல்லை. 'பந்தை விட்டதும் நின்றுவிட்டான்', 'விட்டதும் துரத்தினான், 4 தடவை', 'கோல் வாங்கியதும் கோல்கீப்பர் தோளைத் தட்டினான்', 'இடது கால் பயன்படுத்தப் பயம்', இப்படியே பக்கம் பக்கமாக. ஒரு பையனைப் பற்றி எழுத அவருக்குக் குறைந்தது ஆறு ஆட்டம் வேண்டுமாம். இருபது நிமிடத்தில் ஒரு பிள்ளையைப் பார்த்து முடித்துவிட முடியும் என்று நம்புகிறவர்களை அவரிடம் ஒரு மாதம் அனுப்பிவைக்க வேண்டும்.

உங்களால் முடிந்தால் ஒரே கிளப்பின் தேர்வை நம்பி இருக்காதீர்கள். வட்டார லீக்கில் ஆடும் சின்னக் குழு ஏதாவது ஒன்றில் சேர்த்துவிடுங்கள், வாரா வாரம் ஆட்டம் கிடைக்க வேண்டும், அதுதான் முக்கியம். பகாங் என்று தூரமாக எங்கேயோ விடுதி கிடைத்தால்தான் வாழ்வு என்று நினைக்க வேண்டாம். அங்கே கம்பாங்கில் உள்ள மொக்தார் டஹாரி இளையோர் காற்பந்து அகாடமி நல்ல இடம்தான், ஆனால் அங்கே போகாதவனுக்கு எதிர்காலம் இல்லை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். இங்கிலாந்தின் ஜேமி வார்டி 25 வயதுவரை லீக்குக்கு வெளியே உள்ள குழுக்களில்தான் ஆடினார். 2012-இல் லெஸ்டர் அவரை ஃபிளீட்வுட்டிலிருந்து எடுத்தது, 2016-இல் அவர் பிரீமியர் லீக் வெற்றியாளர்.

கேள்வி (ஜோர்ஜ் டவுன் வாசகர்): 2021-இல் பினாங்கு சூப்பர் லீக்கில் மூன்றாவது இடம். 2022-இல் கடைசி இடம். ஒரே வருடத்தில் ஒரு குழு இப்படிக் கவிழுமா? ஆட்டக்காரர்கள் மனசு வைக்கவில்லை என்கிறேன் நான், என் நண்பன் நிர்வாகம்தான் காரணம் என்கிறான்.

பதில்: உங்கள் நண்பர் பக்கம்தான் நான். நான் சின்ன வயதில் பார்த்த பினாங்கு 1998-இல் லீக் வென்ற பினாங்கு, 2001-இல் மறுபடியும் வென்ற பினாங்கு. பண்டாராயா திடலில் கூட்டம் அலைமோதும், ஆட்டம் முடிந்து வெளியே வர ஒரு மணி நேரம் ஆகும். 2016-இல் அதே திடலில்தான் பகாங்குக்கு எதிராக ஃபைஸ் சுப்ரி அந்த ஃப்ரீகிக்கை அடித்தார், ஒரு பக்கம் போவதுபோல் போய்ப் பந்து வளைந்த வளைவுக்கு ஃபிஃபாவின் புஸ்காஸ் விருதே கிடைத்தது. பினாங்கில் கால் இல்லை, மனசு இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

பிரச்சினை ஒப்பந்தத்தில் இருக்கிறது. நம் லீக்கில் பெரும்பாலான குழுக்கள் ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு வருடம் என்றுதான் ஆட்களை எழுதுகின்றன. நல்லபடியாக ஒரு பருவம் போனால் என்ன ஆகும்? நன்றாக ஆடிய நாலு பேரைக் காசுள்ள குழு கூப்பிட்டுவிடும், வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் விலையை ஏற்றுவார்கள், பயிற்றுநருக்கும் வேறு இடத்திலிருந்து அழைப்பு வரும். மீதி இருப்பவர்களை வைத்து அடுத்த பருவத்துக்குப் புதிதாக ஒரு குழுவைக் கட்ட வேண்டும், ஒருவரை ஒருவர் புரிந்துகொள்வதற்குள் பாதிப் பருவம் போய்விடும். மூன்றாவது இடம் வந்த வருடத்திலேயே அந்த நாலு பேரைக் கூப்பிட்டு இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும், அதுதான் நிர்வாகத்தின் வேலை. ஆட்டம் தோற்றபின் அறிக்கை விடுவது நிர்வாகத்தின் வேலை இல்லை.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ் வாசகர்): மாமாக் கடையில் விடிய விடிய உட்கார்ந்து மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டம் பார்த்துப் பத்து வருடத்துக்கு மேல் வீணாகிவிட்டது. என்ன கோளாறு அங்கே?

பதில்: நீங்கள் மட்டும் இல்லை, என் வீட்டிலேயே ரெண்டு பேர் இருக்கிறார்கள். 2013-இல் பயிற்றுநர் பெர்குசன் ஓய்வு பெற்றபின் மோயஸ், வான் கால், மொரின்யோ, சோல்ஷார், தென் ஹாக், அமோரிம் என்று வரிசையாக வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பாணி, ஒவ்வொருவருக்காகவும் ஆட்களை வாங்கினார்கள், அவர் போனதும் வாங்கிய ஆட்கள் மட்டும் தங்கிவிட்டார்கள். அப்புறம் அடுத்தவர் வந்து இந்த ஆட்கள் என் பாணிக்கு ஒத்துவரமாட்டார்கள் என்பார். லிவர்பூலில் 2016-லிருந்து மைக்கல் எட்வர்ட்ஸ் என்ற ஒருவர் விளையாட்டு இயக்குநராக இருந்து ஆள் எடுக்கும் வேலையை நடத்தினார். 2018 ஜனவரியில் கூத்தின்யோவைப் பார்சிலோனாவுக்குப் பெரிய விலைக்கு விற்றார்கள், அதே வருடத்தில் வான் டைக்கும் அலிசனும் வந்து சேர்ந்தார்கள். கீழ் லீக்குக்கு இறங்கிப்போன ஹல் சிட்டியிலிருந்து ரோபர்ட்சனை எடுத்து வந்ததும் அந்தக் கூட்டம்தான். 2019-இல் சாம்பியன்ஸ் லீக், 2020-இல் லீக். பயிற்றுநர் மாறினாலும் குழு எப்படி ஆட வேண்டும் என்று தெரிந்த ஒருவர் நாற்காலியில் இருக்க வேண்டும், யுனைடெட்டில் பல வருடம் அந்த நாற்காலியே இல்லை.

கேள்வி (பாயான் லெப்பாஸ் வாசகர்): தேசியக் குழுவுக்கு வெளிநாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுவருவது சரியா? வெற்றிதானே முக்கியம்?

பதில்: மலேசிய ரத்தம் உண்மையாகவே உள்ளவர், இந்த ஜெர்சியைப் போட ஆசைப்படுகிறவர் வந்தால் நான் கை தட்டுவேன். ஆனால் 2025 ஜூனில் புக்கிட் ஜாலிலில் வியட்நாமை 4-0 என்று வென்றபோது நாம் குதித்த குதிப்பு என்ன, செப்டம்பரில் வந்த செய்தி என்ன? வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் பூர்வீக ஆவணங்கள் திருத்தப்பட்டவை என்று சொல்லி ஃபிஃபா ஏழு ஆட்டக்காரர்களுக்கு 12 மாதத் தடையும் மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு 3,50,000 சுவிஸ் பிராங்க் அபராதமும் விதித்தது. அன்று இரவு நான் சரியாகத் தூங்கவில்லை. சட்டப் பக்கத்துக்குள் நான் போகவில்லை, என் வருத்தம் வேறு.

2010-ஐ நினைத்துப் பாருங்கள். கே. ராஜகோபால் பயிற்றுநர். அதற்கு முந்தின வருடம் லாவோஸ் சீ விளையாட்டில் தங்கம் வென்ற இளைஞர்களைத்தான் அவர் பெரிய குழுவுக்குள் கொண்டுவந்தார். தென்கிழக்காசிய நாடுகள் மோதும் சுசுகி கிண்ணத்தின் முதல் ஆட்டத்திலேயே ஜகார்த்தாவில் இந்தோனேசியாவிடம் 1-5. அன்றைக்கு நாடு முழுக்கத் திட்டியது. அவர் ஆட்களைத் தூக்கி எறியவில்லை, அதே பையன்களைத்தான் நம்பினார். டிசம்பர் 26-ஆம் தேதி இறுதியாட்டத்தின் முதல் சுற்றில் அதே இந்தோனேசியாவை புக்கிட் ஜாலிலில் 3-0 என்று வென்றார்கள், ஜகார்த்தாவில் 1-2 என்று தோற்றும் கிண்ணம் நமக்கே. அந்த நாலு வாரத்தில் யாரையும் விலைக்கு வாங்கவில்லை. முனிக் ஒலிம்பிக்குக்குப் போன எம். சந்திரன், கோல் கம்பங்களுக்கு நடுவில் 'ஸ்பைடர்மேன்' என்று பேர் வாங்கிய ஆர். ஆறுமுகம் என்று நம் பையன்களும் எந்தத் திடலிலோ யாரோ நின்று பார்த்ததால்தான் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். இன்றைக்கு அப்படி நின்று பார்ப்பவர் யார்?

கேள்வி (செராஸ் வாசகி): அலுவலகத்தில் ஃபேன்டசி பிரீமியர் லீக் ஆடுகிறோம். நட்சத்திரங்களை வாங்கியும் கடைசி இடம். ஒரு யோசனை சொல்லுங்கள்.

பதில்: நிஜ ஆட்டக்காரர்களைக் கற்பனைப் பணத்தில் வாங்கிக் குழு கட்டும் விளையாட்டு அது. 100 மில்லியனுக்குள் 15 பேர், ஒரே கிளப்பிலிருந்து மூன்று பேருக்கு மேல் முடியாது, இது தெரியும் உங்களுக்கு. வாரா வாரம் பதறி ஆள் மாற்றாதீர்கள், இலவசத்துக்கு மேல் போகும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் நாலு புள்ளி போகிறது. 90 நிமிடமும் ஆடுகிற மலிவான தற்காப்பு ஆட்டக்காரரைத் தேடுங்கள். உட்காரவைக்கப்பட்ட நட்சத்திரத்தால் ஒரு பயனும் இல்லை.

கேள்வி (செந்தூல் வாசகர்): இவ்வளவு பேசுகிறீர்களே, நாளைக்கே கோலாலம்பூர் குழுவை உங்கள் கையில் கொடுத்தால் முதலில் யாரை வாங்குவீர்கள்?

பதில்: நல்ல கேள்வி, இதைக் கேட்க மாட்டார்களா என்று இருந்தேன். முதல் ஆறு மாதம் யாரையும் வாங்கமாட்டேன். 2021-இல் கோலாலம்பூர் சிட்டி போஜான் ஹோடாக்கின் கீழ் மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் ஜேடிடியை 2-0 என்று வென்றது, அதில் ஒரு கோல் போட்ட சாஃப்ரி யஹ்யா உள்நாட்டு ஆட்டக்காரர். பெரிய பணம் இல்லாமலும் ஒழுங்காகக் கட்டிய குழு வெல்லும் என்று நம் கண் முன்னாலேயே நடந்திருக்கிறது, ஆகவே பயமில்லை.

ஒரு வெளிநாட்டு ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் மாதச் சம்பளத்தை எடுத்து நாலு பேருக்குப் பிரித்துக் கொடுப்பேன். அவர்களுக்கு அலுவலகம் கிடையாது. சனி, ஞாயிறு காலையில் செந்தூல், கெப்போங், பூச்சோங், பத்து கேவ்ஸ் என்று பள்ளித் திடல்களில் நிற்க வேண்டும், தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி, தேசியப் பள்ளி என்ற பாகுபாடு இல்லை. பெட்ரோல் காசும் கொடுப்பேன், மழைக்கு ஒரு குடையும். ஒரு பையனைப் பற்றி எழுத ஆறு ஆட்டம் பார்த்திருக்க வேண்டும், பெயரோடு பிறந்த மாதமும் எழுதியிருக்க வேண்டும். இதற்குத் தலைமை தாங்க அந்த 555 புத்தக ஆசிரியரைக் கேட்பேன். போன வாரம் பார்த்தபோதே லேசாகக் காதில் போட்டு வைத்தேன், முட்டி வலி, ஆனால் சனிக்கிழமை என்றால் வந்துவிடுவேன் என்றார்.